அன்றாடத் தவணை

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நிபந்தனை வருகிறது. கடவுளின் பெயர் போற்றப்பட வேண்டும், அவரது ஆட்சி வர வேண்டும், அன்றைக்குத் தேவையான சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருகிறவர், மன்னிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் தன் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நான் மற்றவர்களை மன்னிப்பதைப் போல என்னையும் மன்னியும் என்ற பொருளில் அமைந்த வரி அது. நின்று யோசித்தால் பயமுறுத்தும் வரி. மனதில் பகையை வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறவர், தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் இந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்குக் 'கடன்' என்று பொருள். லூக்கா இதே ஜெபத்தைப் பதிவு செய்யும்போது 'பாவம்' என்கிறார். பழைய தமிழ் பைபிளிலும் மத்தேயுவில் கடன் என்றே இருக்கிறது. ஆனால் கோவிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அது 'குற்றம்' என்று மாறிவிடுகிறது. கடவுளிடம் பேசும்போது கொடுக்கல் வாங்கல் பேச்சு எதற்கு என்று யாரோ நினைத்திருக்கலாம். எனக்குக் கடன் என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. எங்கள் வீட்டில் அந்த வரிக்கு 7 வருடம் ரூபாய்க் கணக்கு இருந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காக நாக்பூர் போனவர். 1974 கடைசியில், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் அலுவலகங்களில் இது டீ வாங்கிக் கொடுப்பது போல; இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. பணம் கைக்கு வந்த மாதமே அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு, குடியிருந்த வீட்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். முதல் தவணைகூடக் கட்டவில்லை. 1975 ஜனவரியிலிருந்து அப்பாவின் சம்பளத்தில் மாதம் 85 ரூபாய் பிடித்தார்கள். மொத்தம் 84 தவணை. அப்போது அப்பாவின் சம்பளம் 500 ரூபாய்க்குள்தான்.

இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். பாய் விரித்து உட்காருவோம். அப்பா பைபிளில் ஓர் அதிகாரம் வாசிப்பார், ஒரு பாட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மற்ற நாட்களில் ஓட்டமாகப் போகும் அந்த ஜெபம், சம்பள நாளன்று மட்டும் மன்னிப்பு வரியில் கொஞ்சம் நிற்கும். அப்பா அந்த நண்பரின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வார். பிறகு மேலே போவார். சட்டைப் பையில் 85 ரூபாய் குறைந்த சம்பளச் சீட்டு இருக்கும்.

அம்மா அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். பிடித்தம் தொடங்கிய முதல் வருடத்தில் பள்ளிக்கூடப் பணத்துக்காக அவளுடைய இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அவை திரும்பவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரியில் அம்மா சேர்ந்துகொள்வதைக் கவனித்து ஒருநாள் கேட்டேன். "சொல்லுதேன்னு சொல்லிட்டு மனசுல இல்லன்னா? ஆண்டவர்கிட்ட போயி என்னைப் பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றாள். அதற்குப் பதில் சொல்லும் வயது எனக்கு அப்போது இல்லை. இப்போதும் முழுப் பதில் இருப்பதாகத் தோன்றவில்லை. அப்பா சொன்ன வரியில் எவ்வளவு மரியாதை இருந்ததோ, அம்மா சொல்லாமல் விட்டதிலும் அவ்வளவு இருந்தது.

அப்பா ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரர் கட்டிய பணத்தை அசல் கடன்காரரிடமிருந்து திரும்பப் பெற உரிமை உண்டு. வக்கீல் ஒருவரிடம் போய் அந்த மனிதரின் சொந்த ஊர் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினார். அது வந்த வழியே திரும்பி வந்தது. "தினம் மன்னிச்சேன்னு ஜெபம் பண்ணிட்டு நோட்டீஸ் எதுக்கு விடுதீக?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "கேக்கது வேற, கறுவிக்கிட்டே இருக்கது வேற."

மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்ன கதையும் கணக்கு வழக்கில்தான் நடக்கிறது. ஓர் அரசனுக்கு ஓர் ஊழியன் 10,000 தாலந்து தர வேண்டும். கெஞ்சுகிறான், முழுவதும் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்ததும், தனக்கு 100 வெள்ளிக்காசு தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிக்காசு என்பது அந்தக் காலத்தில் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் 6,000 காசு. ஆக, முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஒருவன் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடங்களுக்கு மேல் லீவு போடாமல் உழைத்தாலும் அடையாது. பிரசங்கங்களில் இந்தப் பெரிய தொகையைத்தான் விளக்குவார்கள். இரண்டாவது கடனைச் 'சில்லறை' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

அது சில்லறை இல்லை. 100 நாள் கூலி என்பது மூன்று மாதத்துக்கு மேலான சாப்பாடு. கதையைச் சொன்னவர் தச்சு வேலை செய்து பிழைத்த குடும்பத்துக்காரர். 100 நாள் கூலியின் எடை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நமக்கு மற்றவர்கள் செய்த தீங்கு ஒன்றும் இல்லாதது என்று அந்தக் கதை சொல்லவில்லை. அது நிஜமான கடன்; கேட்க நியாயம் உள்ள கடன். ஆனாலும் கழுத்தைப் பிடிக்காதே என்கிறது. அம்மாவின் வளையல்களைப் போகட்டும் என்று ஊதித் தள்ளுகிற மன்னிப்பாக இருந்திருந்தால், அதில் அம்மாவுக்கு இடமே இருந்திருக்காது.

மன்னிப்பின் மறுபக்கம் மனந்திரும்புதல். தமிழ்க் கிறிஸ்தவம் புழக்கத்தில் விட்ட நல்ல சொற்களில் இது ஒன்று. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு மனம் மாறுதல் என்று அர்த்தம். யூதர்களின் எபிரேய மொழியில் அதற்கான சொல் திரும்பி வருதலைக் குறிக்கும். தமிழ்ச் சொல்லில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. கத்தோலிக்கர்களிடம் 'மனஸ்தாபம்' என்று இன்னொரு சொல் உண்டு. பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மந்திரத்துக்கு அவர்களுடைய பழைய பெயர் உத்தம மனஸ்தாப மந்திரம். வெளியே தெருவில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்கு நடுவே உள்ள கசப்பு. உள்ளே கோவிலில் அது தன் தவற்றை நினைத்து எழும் வேதனை. பிறர் மேல் உள்ள தாபம் நம்மேல் திரும்புகிற இடத்தில் இரண்டு அர்த்தங்களும் சந்திக்கின்றன.

இதைத் தினசரி வேலையாக்க சபைகள் நிறைய நாள் எடுத்துக்கொண்டன. முதல் சில நூற்றாண்டுகளில், ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரிய பாவம் செய்தவருக்கு எல்லோர் முன்னாலும் தவம் செய்யும் வாய்ப்பு ஆயுளில் ஒரு முறைதான். அயர்லாந்துத் துறவிகள்தான், தனியாகச் சொல்லித் திரும்பத் திரும்ப மன்னிப்புப் பெறும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பினார்கள். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. 1517இல் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. அவருக்கு எதிர் அணியில் நின்ற இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்துச் சோதிக்கும் தினசரிப் பயிற்சியைத் தன் சீடர்களுக்குக் கொடுத்தார். சண்டை போட்ட இரு தரப்பும் இந்த ஒன்றில் ஒத்துப்போனது ஆச்சரியம்தான்.

நாக்பூரில் எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாத ஒரு குடும்பமும் உண்டு. கீழ் வீட்டில் ஜைனர்கள் இருந்தார்கள். பர்யூஷண் விரதம் முடியும் நாளில் பெரியவர் முதல் சின்னப் பிள்ளை வரை மாடியேறி வந்து, கை கூப்பி 'மிச்சாமி துக்கடம்' என்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாவது தீங்கு செய்திருந்தால் அது இல்லாமல் போகட்டும் என்று பொருள். தண்ணீர்க் குழாய்ச் சண்டை, மாடியில் துணி காயப்போடுகிற தகராறு எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் கரையும். ஜைனர்களில் பக்தியுள்ளவர்கள் தினமும் காலையும் மாலையும் பிரதிக்கிரமணம் என்று தங்கள் தவறுகளை எண்ணிப் பார்ப்பதை அந்த வீட்டுப் பெரியவர் அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார். "நம்ம ஆளுங்க வாயால ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு வந்திருதோம். இவங்க படியேறி வந்து கேக்காங்க," என்று அப்பா சொல்வார்.

படியேறுவது கிறிஸ்தவத்திலும் உண்டு. நாம்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்பது மலைப் பிரசங்கத்தில் வரும் கட்டளை. கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபுச் சபைகளில், பெரிய நோன்பின் முதல் திங்கட்கிழமை 'சுப்கோனோ' என்ற வழிபாடு நடக்கும். பாதிரியாரும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, தன் நற்கருணை வழிபாட்டில் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பற்றிச் சமாதானம் சொல்லும் வழக்கத்தை இந்த சிரியன் மரபிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்பா ஒரு முறை அப்படிப் படியேறினார். 1977 வாக்கில் இன்னொரு சக ஊழியர், மனைவியின் ஆபரேஷனுக்காகக் கடன் வாங்க ஜாமீன் கேட்டு வந்தார். அப்பா முடியாது என்றார். அதில் தவறில்லை. ஆனால் "எல்லாரும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கிட்டு வருவீங்க" என்றும் சொல்லிவிட்டார். அன்று இரவு ஜெபத்தில் மன்னிப்பு வரியில் நின்றவர், வழக்கமான பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊழியரின் வீட்டுக்குப் போனார். வேறு ஒருவர் மேல் இருந்த கோபத்தை உங்கள் மேல் கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போதும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் இருந்த 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாதம் மளிகைக் கடையில் நாங்கள் கடன் சொன்னோம்.

ஒருவரை மன்னிக்காமல் வைத்திருந்தால் அந்தக் கசப்பு அவரிடம் மட்டும் போய்ச் சேர்வதில்லை. சம்பந்தமே இல்லாத மூன்றாமவருக்குப் பட்டுவாடா ஆகிறது. அதனால்தான் தன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதும் பிறர் பாவத்தை மன்னிப்பதும் அந்த ஜெபத்தில் ஒரே மூச்சில் வருகின்றன என்று நினைக்கிறேன்.

1981 டிசம்பர் சம்பளத்தோடு 84ஆவது தவணை முடிந்தது. ஜனவரிச் சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அம்மா அன்று கேசரி செய்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். உண்மையில் கஷ்டமான பகுதி அதற்குப் பிறகு வந்தது. 1984இல் அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது, கையில் இல்லாத ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அந்த மனிதரின் முகம் வந்தது. கட்டிய மொத்தத் தொகை 7,140 என்பதை அப்பா ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். ஏழு வருடம் மாதந்தோறும் மன்னித்தவரின் கை அன்று நடுங்கியது. பிறகு இரவு அதே பாய், அதே வரி, அதே பெயர்.

எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபது முறை என்று பதில் வந்ததாக மத்தேயு எழுதியிருக்கிறார். 490 தனித்தனிக் குற்றங்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அவ்வளவு குற்றம் செய்கிற நண்பன் யாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஒரே குற்றம் 490 முறை ஞாபகத்துக்கு வரும். கல்யாணப் பேச்சில் வரும், ஆஸ்பத்திரி பில்லில் வரும், பழைய சூட்கேசில் மடித்து வைத்த சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது வரும். ஒவ்வொரு முறையும் அது புதுக் கடனாக வந்து நிற்கும்.

1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, ஒடிஷாவின் கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில், ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. கிரஹாம் 1965 முதல் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காக வேலை செய்துவந்தவர். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன், அவர்கள்மேல் கசப்பு இல்லை என்று அவர் மனைவி கிளாடிஸ் சொன்னது அந்த வாரமே நாடு முழுவதும் செய்தியானது. அப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடு இருந்தாள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா இன்னைக்குச் சொல்லிட்டா. நாளைக்குக் காலையில எந்திரிக்கணும்லா? எந்திரிச்சு மறுபடியும் சொல்லணும்லா?"

கிளாடிஸ் மறுநாளும் எழுந்தார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கி 2004 வரை தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த ஐந்து வருடங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். மன்னித்தேன் என்று சொன்ன அந்த ஒரு நாளைப் பத்திரிகைகள் பதிவு செய்தன. பிள்ளைகள் இல்லாத வீட்டில் விடிந்த மற்ற நாட்களை யார் பதிவு செய்வார்கள்? அவர் மன்னித்ததால் சட்டம் தன் வேலையை நிறுத்தவும் இல்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேட்பது வேறு, கறுவுவது வேறு என்று அப்பா சொன்னதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

மத்தியப் பிரதேசத்தில் இன்னொரு கதை. கேரளத்தில் பிறந்த கன்னியாஸ்திரி ராணி மரியா, நிலமற்றவர்களும் பழங்குடியினரும் வட்டிக்காரர்களிடமிருந்து மீள உதவியவர். அதைப் பொறுக்காதவர்களின் ஏவலில் 1995 பிப்ரவரி 25 அன்று, உதய்நகர் பகுதியில் ஓடும் பேருந்தில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார் சமந்தர் சிங். 2002இல் ரக்ஷாபந்தன் சமயத்தில் ராணி மரியாவின் தங்கை, அவரும் ஒரு கன்னியாஸ்திரி, சிறைக்குப் போய் சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். 2006இல் விடுதலையான சமந்தர் சிங், பிறகு கேரளத்துக்குப் போய் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. ராக்கி கட்டியது பொருத்தமான செயல். அது ஒரே வருடத்தில் நூலாக நைந்து போகும். அடுத்த வருடம் புதிதாகக் கட்ட வேண்டும்.

அம்மா கடைசியில் அந்த வரியைச் சொன்னாளா என்று என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சில நாள் சொன்னாள், சில நாள் சொல்லவில்லை. அன்றன்றைக்கு மனதில் என்ன இருந்ததோ அதுதான். நாக்பூரில் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதால், சொன்ன நாட்களின் அருமை எனக்குத் தெரியும். சொல்லாத நாட்களில் நான் எதுவும் கேட்டதில்லை.

கேட்காமல் இருப்பது முக்கியம். மன்னிப்பு என்ற நல்ல வார்த்தையை எளியவர்களின் தலையில் அடிக்கும் தடியாக மாற்றியதில் நம் சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லி, ஏழெழுபதை மேற்கோள் காட்டும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்தவர்தான் தள்ளுபடி செய்ய முடியும். நடுவில் நிற்பவர் அந்தச் சீட்டைக் கிழிக்க முடியாது. அடி வாங்கியவள் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், போலீசுக்குப் போகட்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவளுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள பேச்சு.

தவறு செய்தவர் மனந்திரும்பியதற்கு அடையாளம் கண்ணீர் அல்ல என்பதையும் பைபிள் ஒரு வரி வசூல்காரரின் கதையில் காட்டுகிறது. சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். அவர் அழுததாக லூக்கா எழுதவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தார் என்றுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

தனி மனிதர்களுக்குச் சொல்வதைச் சபைகள் தங்களுக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் எழுந்ததும், அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்ததும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரியாததல்ல. ஒப்புக்கொண்டது நல்ல காரியம். சகேயுவின் அளவுகோலில் அது முதல் படி மட்டுமே.

2019 செப்டம்பரில், அன்று கேன்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸ் வந்து, ஜாலியன்வாலா பாக் நினைவிடத்தில் தரையில் குப்புற விழுந்து வணங்கினார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் தன்னால் பேச முடியாது என்றும், நடந்ததற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். 1919 ஏப்ரல் 13 அன்று சுடப்பட்டுச் செத்தவர்கள், அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர். அந்தப் பேராயர் தரையில் கிடந்த படத்தைப் பார்த்து எனக்கு மனம் கனத்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. அன்றன்றைக்குச் சொல்லாமல் விட்டால், மன்னிப்புக் கேட்க ஆள் வந்து சேரும்போது அதைக் கொடுக்க வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். அந்த மைதானத்தில் அவரை மன்னிக்க உரிமை உள்ளவர்கள் அன்று யார்?

பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக்கு முந்தைய வேண்டுதல் சாப்பாடு. அதுவும் இன்றைக்கு வேண்டிய சாப்பாடு மட்டும். எகிப்திலிருந்து புறப்பட்டு வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலருக்குத் தினமும் காலையில் மன்னா விழுந்ததாகப் பழைய ஏற்பாட்டில் ஒரு கதை உண்டு. அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கும் ஆகட்டும் என்று எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் அது புழுத்து நாறியது. ஓய்வு நாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு. சாப்பாட்டையும் மன்னிப்பையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வைத்தவருக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும்.

நேற்று மன்னித்துவிட்டேன் என்பது நேற்றைய சோறு மாதிரி. இன்று மறுபடியும் பசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மன்னித்த பிறகும் கோபம் வருகிறதே, என் மன்னிப்பு பொய்யோ என்று வருந்துகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அது பொய்யல்ல, அன்றைக்குரியதாக இருந்தது. இன்றைக்கு உரியது இன்னும் பாக்கி இருக்கிறது. இரவு படுக்கும் முன் அதைக் கட்டினால் போதும். முடியாவிட்டால், அம்மா மாதிரி அந்த ஒரு வரியில் வாயை மூடிக்கொள்ளலாம். அடுத்த வரியில் சேர்ந்துகொள்ள மட்டும் மறக்கக் கூடாது.